கல்லீரல் புற்றுநோய் மாத்திரை: ஆய்வில் வந்த எண் உங்கள் தாத்தாவுக்கும் பொருந்துமா?

"ஆபரேஷன் பண்ண முடியாது, மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம்." வீட்டில் ஒருவருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்து டாக்டர் இப்படிச் சொன்னால், உடனே கைத்தொலைபேசியில் தேடுவீங்க. அங்கே கிடைக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

சொராஃபெனிப் என்ன செய்யும்?

கட்டி வளர புதிய ரத்தக் குழாய்கள் தேவை. அவை உருவாவதையும் புற்றணுக்கள் பெருகுவதையும் தூண்டும் சமிக்ஞைகளை இந்த மாத்திரை தடுக்கும். வழக்கமான அளவு 400 மில்லிகிராம், நாளுக்கு 2 முறை.

2008இல் வெளியான 'ஷார்ப்' ஆய்வில் 602 நோயாளிகள் பங்கெடுத்தனர். மாத்திரை சாப்பிட்டவர்களின் இடைநிலை ஆயுள் 10.7 மாதம், போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.9 மாதம். இடைநிலை என்றால், பாதிப் பேர் அதைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று அர்த்தம்.

அப்போ எல்லாருக்கும் இதேதானா?

இல்லை. ஷார்ப் ஆய்வில் சேர்ந்த கிட்டத்தட்ட எல்லாருக்குமே கல்லீரல் ஓரளவு நன்றாக இயங்கியது. ஆனால் மருத்துவமனைக்கு வருபவர்களில் பலருக்குக் கல்லீரல் ஏற்கெனவே தழும்பேறிப் பழுதாகியிருக்கும்; வயிற்றில் நீர் கோத்திருக்கும்.

அதனால் 2009இல் 'கிடியன்' ஆய்வு தொடங்கியது. 39 நாடுகளில் 3,000க்கும் அதிகமானோர். போலி மாத்திரை கிடையாது. டாக்டர்கள் வழக்கம்போல் சிகிச்சை அளித்தார்கள், நடந்தது பதிவானது.

கல்லீரலின் நிலையைச் 'சைல்ட்-பியூ' அளவுகோலில் ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். இடைநிலை ஆயுள் ஏ பிரிவுக்கு 13.6 மாதம், பி பிரிவுக்கு 5.2, சி பிரிவுக்கு 2.6. பக்கவிளைவுகளோ பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

அப்படின்னா மாத்திரைதான் ஆயுளைக் குறைத்ததா?

அப்படிச் சொல்ல முடியாது. பழுதான கல்லீரலே உயிருக்கு ஆபத்து. ஒப்பிட வேறொரு குழு இல்லாததால், மாத்திரை எவ்வளவு உதவியது என்பதையும் இந்த ஆய்வு நிரூபிக்காது.

இப்போது வேறு சிகிச்சைகளும் உண்டு. 2020இல் அட்டெசோலிசுமாப், பெவசிசுமாப் ஆகிய 2 மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது சொராஃபெனிப்பைவிடக் கூடுதல் பலன் தருவது தெரியவந்தது. அந்த ஆய்விலும் ஏ பிரிவினரையே சேர்த்தார்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

- கல்லீரல் எந்தப் பிரிவில் இருக்கிறது?
- அந்தப் பிரிவில் இந்த மருந்தால் என்ன எதிர்பார்க்கலாம்?
- வயிற்றுப்போக்கு, களைப்பு, கை-கால் தோல் எரிச்சல் வந்தால் எப்போது கூப்பிடணும்?

பக்கவிளைவு வந்தால் மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம். அளவைக் குறைக்க வழியுண்டு. டாக்டரிடம் சீக்கிரமே சொல்லிடுங்க.