உடற்பருமன் அறுவைச் சிகிச்சை: வகைகளும் அச்சங்களும்

உடற்பருமன் அறுவைச் சிகிச்சை என்பது, உணவுக் கட்டுப்பாடு, தேகப்பயிற்சி, மருந்து ஆகியவற்றால் குறையாத மிகைப்பருமனைக் குறைப்பதற்காக, இரைப்பையின் கொள்ளளவைச் சுருக்கியோ, உணவு செல்லும் குடல்வழியை மாற்றியோ, இவ்விரண்டையும் ஒருங்கே செய்தோ நிகழ்த்தப்படும் சிகிச்சைகளின் பொதுப்பெயர். மருத்துவமனைகளில் ‘பேரியாட்ரிக் சர்ஜரி’ என்றே வழங்கும் இதன் பெயர், எடையைக் குறிக்கும் ‘பாரோஸ்’, மருத்துவனைக் குறிக்கும் ‘இயாட்ரோஸ்’ என்னும் கிரேக்கச் சொற்களால் அமைந்தது. தோலடிக் கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் ‘லைப்போசக்‌ஷன்’ இதனுள் அடங்காது. அது தேகத்தின் வடிவைத் திருத்துமேயன்றிப் பசியையோ செரிமானத்தையோ தொடுவதில்லை. இச்சிகிச்சையின் வரலாறு, ஒரு முறையால் விளைந்த தீங்கைக் கண்டு அஞ்சி அடுத்த முறையை நாடிய வரலாறாகவே இருப்பதால், வகைகளை அவை தோன்றிய வரிசையிலேயே அறிந்துகொள்வது, தெரிவு செய்யவேண்டிய நிலையிலிருப்பவருக்கும் பிரயோஜனமுடையது.

மிகைப்பருமனை ஒரு குறையாகக் கண்ட வழக்கம் தொன்மையானது. சரக சம்ஹிதை, நிந்தைக்குரிய எண்வகைச் சரீரங்களைக் கூறுமிடத்து, மிக மெலிந்தவனோடு மிகப் பருத்தவனையும் சேர்த்துப் பேசுகிறது. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்து லியோன் அரசனான முதலாம் சாஞ்சோ, குதிரையேற மாட்டாத பருமனால் பிரபுக்களின் ஏளனத்துக்கு ஆளாகி 958-இல் அரியணையை இழந்து, கொர்தோபா நகரத்துக் கலீபாவின் அவையிலிருந்த யூத வைத்தியரான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்திடம் சிகிச்சை பெற்று, மெலிந்து திரும்பி அரசை மீட்டுக்கொண்டான். அவன் உண்ணாதிருக்கும்படி உதடுகளைத் தைத்துவிட்டனர் என்றொரு கதையும் உண்டு. கதை எவ்வாறாயினும், வாயைக் கட்டுவதே வழி என்னும் எண்ணம் நெடுங்காலம் நீங்கவில்லை என்பதற்கு, 1970-களிலும் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் பிணைத்து, நீராகாரம் மட்டுமே கொடுத்துப் பார்த்த மருத்துவர்கள் இருந்தமையே சான்று. கம்பியை அவிழ்த்ததும் இளைத்த உடல் பழையபடி பருத்தது.

குடலில் கைவைக்கும் துணிவு 1950-களில் பிறந்தது. வேறு நோய்களுக்காகச் சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர்கள், எவ்வளவு உண்டும் மெலிந்தே இருப்பதை ரணவைத்தியர்கள் கண்டிருந்தனர். அந்தத் துர்ப்பாக்கியத்தையே பருத்தவருக்கு மருந்தாக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. ஸ்வீடன் நாட்டு விக்டர் ஹென்ரிக்சன் 1952-இல் சிறுகுடலின் ஒரு பகுதியை வெட்டியே எடுத்தார். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், ஓவன் வாங்கன்ஸ்டீன் தலைமையேற்றிருந்த துறையைச் சார்ந்த கிரீமன், லின்னர், நெல்சன் ஆகியோர், நாய்களின் குடலில் நடத்திய ஆராய்ச்சியால், கொழுப்பை உட்கொள்வதற்குச் சிறுகுடலின் பிற்பாதியே இன்றியமையாதது என்று கண்டு, 1954-இல் வெளியிட்ட கட்டுரையில், மனிதர் ஒருவருக்குச் செய்த இணைப்பையும் குறிப்பிட்டனர். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸில் பேய்ன், டிவிண்ட் என்னும் இருவர், சிறுகுடலின் தொடக்கப் பகுதியைப் பெருங்குடலோடே நேராக இணைத்துப் பார்த்து, அடங்காத பேதியால் நோயாளிகள் நலிவதைக் கண்டு அதனைக் கைவிட்டு, 1969-இல் தங்கள் திருத்திய அளவை அறிவித்தனர்: முற்பகுதியில் 14 அங்குலம், கடைப்பகுதியில் 4 அங்குலம், இடையிலுள்ள குடல் முழுவதும் உடலுக்குள்ளேயே இருந்தும், உணவு அதன் வழியே செல்லாது. இருபது அடி அளவுள்ள குடலில் ஒன்றரை அடியைக் கொண்டு ஒரு மனிதனை வாழவைக்க முனைந்த இந்த ஏற்பாட்டால் எடை விரைந்து குறைந்தது மெய்யே. ஆயினும் ஆண்டுகள் சென்றபின் சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் கற்கள் திரண்டன, மூட்டுகள் வீங்கின, ஒதுக்கப்பட்ட குடலில் கிருமிகள் பெருகின, சிலருக்குக் கல்லீரலே செயலிழந்து உயிர் போயிற்று. பல்லாயிரவருக்குச் செய்யப்பட்ட அந்த அறுவை 1980-ஐ ஒட்டிக் கைவிடப்பட்டு, பலருக்குக் குடல் மீண்டும் பழையபடி இணைக்கப்பட்டது. இக்காலத்தும் இச்சிகிச்சையின் பெயரைக் கேட்டவுடன் ஈரல் கெடும், சத்தெல்லாம் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அச்சம், ஆதாரமற்ற அச்சமன்று, காலங்கடந்த அச்சம்.

இந்நிலையில் வழியைத் திருப்பியவர், மின்னசோட்டாவில் பயின்று அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்ட் மேசன். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றப்பெற்ற பெண்கள், புண் ஆறியபின்னும் எடை கூடாமலிருப்பதைக் கவனித்த அவர், குறைக்கவேண்டியது குடலையன்று, இரைப்பையை என்று தெளிந்து, சிகாஷி இட்டோ என்பவருடன் 1966-இல் முதல் இரைப்பை பைபாஸைச் செய்து மறு ஆண்டு வெளியிட்டார். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் வளையமொன்றை மேலே இழுத்து அதனோடு தைப்பது அவர் முறை. வளையத்தில் வரும் பித்தநீர் மேலேறி இரைப்பையையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கியது ஒரு குறையாக நின்றது. அதனை 1977-இல் கென்டக்கியின் வார்டு கிரிஃபன் நீக்கினார். நீக்கிய உபாயம் அவருடையதன்று, லொசான் நகரத்து ஸ்விஸ் ரணவைத்தியர் சேசார் ரூ என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வகுத்த இணைப்பு. குடலை ஓரிடத்தில் துண்டித்து, கீழ்நுனியை மேலேற்றி இரைப்பைப் பையில் தைத்து, பித்தநீர் வரும் மேல்நுனியைச் சற்றுக் கீழே பக்கவாட்டில் இணைத்தால், ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போல இரு கிளைகள் கூடி ஒன்றாகும். ஒரு கிளையில் உணவு, மறு கிளையில் செரிமான நீர்கள். ‘ரூ-என்-ஒய்’ என்று ரணவைத்தியர்கள் கூறுவது இதனையே. மருத்துவமனையில் ‘பைபாஸ்’ என்று மட்டும் சொன்னாலும் பெரும்பாலும் இதுவே குறிக்கப்படும்.

குடலைத் தொடாமலே காரியம் முடியுமா என்று பார்த்தவரும் அதே மேசனே. 1980-இல் அவர் வகுத்த செங்குத்துப் பட்டை முறையில், இரைப்பை ஊக்குகளால் நெடுக்காகப் பிரிக்கப்பட்டு, சிறு பையின் வாயில் விரியாத வலைப்பட்டை இடப்படும். கெட்டியான சோற்றையும் இறைச்சியையும் தடுத்த அந்தப் பட்டை, ஐஸ்கிரீமையும் இனிப்புப் பானங்களையும் தடையின்றி விட்டுவிட்டது. நோயாளிகளும் வழுக்கிச் செல்லும் இனிப்புகளுக்கே பழகி, எடை மீண்டு வந்தது. 1986-இல் நியூ ஜெர்ஸியின் லுபோமிர் குஸ்மாக், தோலடியில் பதித்த குமிழ்வழியே உப்புநீர் ஏற்றி இறுக்கவும் தளர்த்தவும் கூடிய சிலிக்கோன் பட்டையை அமைத்தார். இரைப்பையை வெட்டாமலே செய்யும் அந்த முறை, அஞ்சியவர்க்கெல்லாம் ஆறுதலாகத் தோன்றிப் பெரும் புகழ் பெற்றது; பட்டை நழுவியும், இரைப்பைச் சுவரை அரித்தும், எடை போதிய அளவு குறையாமலும் போனமையால், பலருக்கு அது பின்னர் எடுக்கப்பட்டது. அச்சம் குறைந்ததைத் தேர்ந்தவர் சிலர் இருமுறை அறுவை மேசையில் படுக்க நேர்ந்தது இவ்வாறே.

இதற்கிடையே இத்தாலியின் ஜெனோவாவில் நிக்கோலா ஸ்கோப்பினாரோ 1979-இல் வெளியிட்ட முறையும், அதனைத் திருத்தி ஒஹையோவின் டக் ஹெஸ் 1988-இல் தொடங்கிய ‘டியோடினல் ஸ்விட்ச்’ முறையும் உணவும் செரிமான நீரும் சேரும் குடற்பகுதியை மிகக் குறுக்கின. எடைக் குறைப்பில் இவற்றை வெல்வது வேறில்லை; புரதக் குறைவிலும், வைட்டமின் ஏ, டி ஆகியவற்றின் குறைவிலும், நாற்றம் மிகுந்த பேதியிலும் அவ்வாறே. மிகப் பெரும் பருமனுடையவருக்கு இதனைச் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் ஒரே மூச்சில் செய்வது ஆபத்தாயிருந்ததால், நியூயார்க்கில் மிஷேல் கான்யே இதனை இரண்டாகப் பிரித்து, முதற்படியில் இரைப்பையை மட்டும் குறுக்கினார். முதற்படி முடிந்தவர்களுள் சிலர், எடை போதிய அளவு குறைந்துவிட்டதென்று இரண்டாம் படிக்குத் திரும்பவேயில்லை. இவ்வாறு தற்செயலாய்ப் பிறந்ததே ‘ஸ்லீவ்’ அறுவை. சுண்டுவிரல் பருமனுள்ள குழாயொன்றை வாய்வழியே இறக்கி, அதனை ஒட்டி இரைப்பையை நெடுக ஊக்கிட்டு, முக்கால் பாகத்துக்கும் மேலானதை வெட்டி வெளியே எடுத்துவிடுவர். எஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழல். உலகில் இன்று மிகுதியாகச் செய்யப்படுவது இதுவே. ராபர்ட் ரட்லெஜ் 1997-இல் தொடங்கிய ‘மினி பைபாஸ்’ மேசனின் வளையத்துக்கே திரும்பியது. இந்தியாவில் அதற்கு ஆதரவு அதிகம்.

யாருக்கு இச்சிகிச்சை என்பது, எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பி.எம்.ஐ. எண்ணைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. 165 செ.மீ. உயரமுள்ளவர் 109 கிலோ இருந்தால் அவர் எண் 40. அந்த எண்ணையும், சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம் போன்றவை உள்ளவருக்கு 35-ஐயும், 1991-இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு எல்லையாக வகுத்தது. 2022-இல் இத்துறைச் சங்கங்கள் 35 இருந்தாலே போதும் என்றும், ஆசிய மக்களுக்கு வயிற்றுக் கொழுப்பால் தீங்கு முன்னதாகவே வருவதால் 27.5-இலிருந்தே ஆலோசிக்கலாம் என்றும் திருத்தின. நம்மவருக்கு இத்திருத்தம் பொருந்தும்.

வகைகளுள் தெரிவு செய்கையில் முதலிற் பார்க்கவேண்டியது எடையன்று, உடனுள்ள வியாதி. நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர் ஸ்லீவைத் தவிர்க்கவேண்டும். குறுகிய குழலில் அழுத்தம் மிகுந்து அமிலம் மேலேறும். நெடுநாட் சர்க்கரை வியாதியுடையவருக்கு உரியது பைபாஸே. உணவு முன்சிறுகுடலைத் தவிர்த்துச் செல்வதால் எடை குறையுமுன்னரே சர்க்கரை இறங்குவதை, 1995-இல் வட கரோலினாவின் வால்டர் போரீஸ் தம் நோயாளிகளின் நெடுநாள் விவரங்களோடு எடுத்துக்காட்டினார். பின்லாந்தில் 240 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2018-இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் மிகை எடையில் குறைந்தது ஸ்லீவில் 49 சதவீதம், பைபாஸில் 57 சதவீதம். மூட்டுவலிக்காக வலிமாத்திரைகளை விடமுடியாதவரும், புகைப்பதை நிறுத்தமாட்டாதவரும் பைபாஸ் செய்துகொண்டால் தையலிடத்தில் புண் வரக்கூடும். ஸ்லீவில் வெட்டியெடுத்ததை மீண்டும் வைக்க இயலாது. பைபாஸை, கடினமாயினும், மீட்க இயலும். வாழ்நாள் முழுதும் வைட்டமின் உட்கொள்ளுதலும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் எல்லா முறைக்கும் பொது.

அச்சங்களுள் தலையாயது, மேசையிலேயே உயிர் போய்விடுமோ என்பது. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் 4,776 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், முப்பது நாட்களுக்குள் இறந்தவர் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூவர். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், சராசரி பதினோரு ஆண்டுகளில், அறுவை செய்துகொண்ட 2,010 பேருள் 101 பேரும், செய்துகொள்ளாத 2,037 பேருள் 129 பேரும் இறந்தனர். அறுவையின் அபாயத்தை எண்ணுகிறவர், அறுவையின்மையின் அபாயத்தையும் பக்கத்தில் வைத்து எண்ணவேண்டியிருக்கிறது. மெய்யாகவே அஞ்சத்தக்கவை தையல் கசிவும், காலிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக்கட்டியும்; காய்ச்சல், விரைந்த நாடித்துடிப்பு, தோள்வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திருத்தலாகாது. அறுவை முடிந்த அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வது இரத்தக்கட்டி வராமலிருக்கவே.

இரண்டாவது, இனி ஆசைப்பட்டதை உண்ண முடியாதே என்ற துக்கம். முதல் நாட்களில் உணவென்பது, இருமல் மருந்துப் புட்டியோடு வரும் பிளாஸ்டிக் மூடி அளவு தண்ணீர், கால் மணிக்கு ஒரு முறை. அதையும் மடக்கென்று குடித்தால் மார்பில் கல் வைத்தாற்போல் அடைக்கும். இரண்டு வாரம் நீர்மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர்; பிறகு மசித்த பருப்பும் முட்டையும்; ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஓர் இட்லியை அரைமணி நேரம் மென்று உண்பவர், தம் குடும்பத்தாரோடு ஒரே பந்தியில் உட்காரலாம். பைபாஸ் செய்துகொண்டவர் பாயசத்தைப் பழைய அளவில் குடித்தால் வியர்வையும் படபடப்பும் மயக்கமும் வரும். அந்த அவஸ்தையை ஒரு காவலாளி என்றே மதிப்பவரும் உண்டு. மதுவும் முன்னைவிட விரைவில் இரத்தத்தில் ஏறும். மூன்றாம் மாதத்தில் சீப்பில் கொத்தாக வரும் மயிர், புரதம் குறையாதிருந்தால், ஆண்டு நிறைவுக்குள் பெரும்பாலும் முளைத்துவிடும். தொங்கும் தோல் அவ்வாறு மறைவதில்லை. வாந்தி ஓயாதிருப்பின் தயமின் என்னும் வைட்டமின் குறைந்து மூளை பாதிக்கப்படுமாதலால் அதனைப் பொறுத்துக்கொண்டிருப்பது தவறு. பெண்கள் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைப்பது உசிதம்.

இவற்றினும் ஆழமானது, வெளியே சொல்லப்படாத வெட்கம். வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று சுற்றத்தார் பேசுவார்களே என்பதால், பித்தப்பைக் கல்லுக்கு என்று பொய் சொல்லிப் படுக்கை சேர்பவர்கள் இருக்கிறார்கள். பசியோ மனவுறுதிக்கு மட்டும் அடங்குவதன்று. 1999-இல் ஜப்பானின் கோஜிமா, கங்காவா என்போர் கண்ட ‘கிரெலின்’ என்னும் பசிச் சுரப்பு, பட்டினி கிடப்பவன் உடலில் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அது மிகுதியாகச் சுரக்குமிடம் இரைப்பையின் மேல்வளைவு. ஸ்லீவில் வெட்டியெடுக்கப்படுவதும் அவ்விடமே. ஆகவே சாஞ்சோவின் கதையில் வரும் உதட்டுத் தையலுக்கும் இன்றைய ஊக்குக்கும் உள்ள வேற்றுமை, முன்னது வாயைக் கட்டியது, பின்னது பசியின் கட்டளையை மாற்றுகிறது என்பதே. அறுவைக்கு முன் நடைபெறும் மனநல மருத்துவரின் உரையாடலைத் தேர்வு என்று கருதி அச்சத்தை மறைப்பதும் வீண். ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இவ்வறுவையைச் செய்கிறீர்கள், நள்ளிரவில் கசிவு ஏற்பட்டால் மேசைக்குக் கொண்டுபோகிறவர் யார், ஐந்தாண்டுக்குப் பின் எடை திரும்பினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விகளை ரணவைத்தியரிடமே கேட்டுவிடவேண்டும். அவற்றுக்கு முகஞ்சுளிக்கும் வைத்தியரை விட்டு வேறிடம் செல்வது நலம்.

இக்காலத்தில் அறுவை பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியால் சிறு துளைகள் வழியே செய்யப்படுகிறது; வாரம் ஒருமுறை போடும் ஊசிமருந்துகளும் போட்டியாக வந்துள்ளன. இரைப்பை பைபாஸைத் தொடங்கிய மேசன் 2020 டிசம்பரில் தம் நூறாவது வயதில் காலமானார். மறு ஆண்டு ஜூனில், ‘செமாக்லூடைடு’ ஊசியைப் பருமனுக்கு மருந்தாக அமெரிக்க அரசு அனுமதித்தது.