வேடன் என்னும் வேடம்

நகை பிறக்கும் நிலைக்களங்களை நான்காக வகுத்த தொல்காப்பியர் எள்ளலை அவற்றுள் முதலில் வைத்தார். தான் பிறரை எள்ளும்போதும் நகை தோன்றும். தான் பிறரால் எள்ளப்படும்போதும் நகை தோன்றும் என்று உரைகாரர் விரித்தனர். இவ்விரண்டாவது வகை நகை எல்லார்க்கும் எக்காலத்தும் வருவதோ என்பது ஐயத்திற்குரியது. அதற்குச் சான்று நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு.

இலங்கைச் சிவில் சேவையிலிருந்த ஹாட்ஷோன் என்னும் ஆங்கிலேயர் 1876ஆம் ஆண்டு இலண்டன் சஞ்சிகையொன்றில் இந்நாட்டு வேடரைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். வேடர் ஒருபோதும் சிரிப்பதில்லை என்பது அதிற் கண்ட செய்திகளுள் ஒன்று. சிரிப்பூட்டக்கூடிய உபாயம் அனைத்தும் செய்து பார்த்தும் பயனில்லையாம். நீங்கள் சிரிப்பதே இல்லையா என்று வினவியதற்கு, சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டனராம். மெய்ப்பாடுகளைப் பற்றிச் சாள்ஸ் டார்வின் எழுதிய நூலின் பிற்பதிப்பிலும் இச்செய்தி இடம்பெற்று உலகெங்கும் பரவிற்று. அதிகாரி ஒருவர் முன்னே கொணர்ந்து நிறுத்தப்பட்டு, முன்பின் அறியாதார் பலர் சூழ்ந்து நின்று கோமாளித்தனம் செய்யும்போது எவன்தான் சிரிப்பான்? அவ்வேடன் கூறிய விடையினும் பொருத்தமான விடையை நான் எந்நூலிலும் கண்டிலேன்.

ஆயினும் ஆங்கிலேயரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. யாழ்ப்பாணத்து நாம் வேடரை எவ்வாறு கண்டு வந்துள்ளோம்?

கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் மரபில் வளர்ந்தது நம் நாடு. அப்புராணத்தில் வேடர் தலைவனாகிய நம்பியின் மகளாய்த் தினைப்புனம் காத்தவள் வள்ளி. அவளை நாடி வந்த முருகப்பெருமான் முதலில் வேடன் உருக் கொண்டார்; பின்னர் வேங்கை மரமாய் நின்றார்; பின்னர் விருத்தராய் வந்து தேனும் தினைமாவும் இரந்து உண்டார். இப்பகுதியைப் படிக்கும்போது கேட்போர் நகைப்பது வழக்கம். அந்நகை யார் மேற்று என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். தள்ளாடும் கிழவராய் நடிக்கும் தேவசேனாபதியைக் கண்டே நகைக்கிறோமன்றி, வேடரைக் கண்டு நகைக்கிறோமல்லோம். பெரியபுராணத்தும் அவ்வாறே. வாயில் நீர் சுமந்தும் ஊனைச் சுவைத்துப் பார்த்தும் படைத்த திண்ணனாரைக் கண்டு அருவருத்தவர் சிவகோசரியார். உண்மை உணர்த்தப்பெற்றவரும் அவரே. ஆறுமுகநாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்ட பின்னர்க் கண்ணப்பர் சரிதம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடமாயிற்று.

இத்துணை உயர்ந்த வேடரைக் கோயிலிற் கும்பிட்ட நாமே, கோயில் வாயிலைக் கடந்ததும் முரடனைக் "காட்டான்" என்று வைதோம். பள்ளி விளையாட்டு விழாக்களில் வினோதவுடைப் போட்டி நடைபெறும்போது வேடனாக வருபவன் ஒருவனேனும் இருப்பான். உடலெங்கும் கரி, இடையிலே குழை, கையிலே வில், வாயிலே பொருளற்ற ஊளை. இவ்வளவே அவ்வேடத்துக்கு வேண்டியவை. என் இளமையில் அவ்வாறு வந்த மாணவனொருவன் பார்வையாளர் பக்கம் அம்பை நீட்டியதும் மைதானமே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். மெய்யான வேடர் ஒருவரையும் நாங்கள் எவரும் கண்டதில்லை என்பது அப்பொழுது தோன்றவில்லை. கண்ணப்பரைப் பரீட்சையில் எழுதியவர்களும் அங்கே இருந்தோம்.

இவ்வுருவம் எங்கிருந்து வந்தது? 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1681இல் தமது நூலை இலண்டனில் வெளியிட்டார். காட்டு மனிதன் என்னும் பெயரோடு வேடன் ஒருவனின் செதுக்குப் படம் அதில் உண்டு. பின்வந்த படங்கள் பலவற்றுக்கு அது முன்னோடி எனலாம். படத்தை நினைவிற் கொண்டோர் அந்நூலிலேயே உள்ள வேறொரு செய்தியை மறந்தனர். அம்பு வேண்டிய வேடர், அம்பு வடிவில் நறுக்கிய இலையையும் இறைச்சியையும் இரவிற் கொல்லன் பட்டறையிலே தூக்கிவிட்டுச் செல்வர். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொணர்ந்து கொடுப்பர் என நொக்ஸ் எழுதியுள்ளார். அளவும் மாதிரியும் விலையும் பேச்சின்றியே முடிந்த கொடுக்கல் வாங்கல் அது. ஊளையிடுவோர் செய்யும் வணிகமன்று.

செலிக்மன் தம்பதிகள் 1911இல் வெளியிட்ட "வேடர்" என்னும் பெருநூலில் இப்பொருளுக்கு இன்றியமையாத குறிப்பொன்று காணப்படுகின்றது. தனிகல வேடர் அயலூர்ச் சிங்களக் குடியானவரைப் போலவே உடுத்து வாழ்ந்தனர். துரைமார் பார்க்க விரும்பி வாடிவீட்டுக்கு அழைப்பித்தாலோ, அவ்வுடையைக் களைந்து, பழைய சிற்றாடையை மட்டும் அணிந்து வந்து நின்றனர். காண வந்தோர் எதனைக் காண விரும்பினரோ அதனையே காட்டினர். ஆகவே வினோதவுடைப் போட்டியில் முதன்முதல் வேடன் வேடம் புனைந்தவன் நம் மாணவனல்லன், வேடனே. இதில் ஒருவகை நகை உண்டாயின் அது வாடிவீட்டு விறாந்தையில் இருந்தவர்களைக் குறித்தது. அதே நூலில் வேடரின் தாலாட்டுக்களும் ஏனைய பாட்டுக்களும் ஒலிப்பதிவு செய்து ஆராயப்பட்டுள்ளன. அவற்றை வினவிச் சென்றவர் மிகச் சிலரே.

இது நம் தீவில் மட்டும் நிகழ்ந்ததன்று. பிலிப்பைன் தீவுகளைக் கைக்கொண்ட அமெரிக்கர், லூசன் தீவின் வடமலைகளில் வாழும் இகொறொற் மக்களை 1904இல் செயின்ற் லூயிஸ் நகரப் பொருட்காட்சிக்குக் கொண்டு சென்று, வேலிக்குள்ளே ஒரு கிராமமமைத்துக் காட்டினர். சடங்குகளிற் சிற்சில வேளை நாயிறைச்சி உண்ணும் வழக்கத்தை அங்கே ஓயாத காட்சியாக்கினர். அவர்களுக்குக் காற்சட்டை அணிவிப்பதா, கோவணத்தோடு விடுவதா என்று அரசாங்கமும் அறிஞரும் வாதிட்டனர். நாய் தின்னி என்னும் ஏளனம் அம்மலைநாட்டாரைப் பல தலைமுறை தொடர்ந்தது. மலைகளைப் படிப்படியாகச் செதுக்கி நெல் விளைவித்த இபுகாவோ மக்களும் அம்மலையினரே. அவ்வயல்கள் 1995இல் உலக மரபுச் சொத்தாக ஏற்கப்பட்டன. வயலைக் கண்டு சிரிக்க முடியாதாகையால் ஏளனம் செய்வோர்க்கு அது பயன்படவில்லை போலும்.

ஏளனச் சித்திரம் சிரிப்போடு ஒழிந்துவிடுமாயின் இத்துணை எழுத வேண்டியதில்லை. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இலங்கை வேடர் 5,332 பேர் எனக் கணிக்கப்பட்டனர். 1946இல் அத்தொகை 2,361, 1953இல் 803, 1963இல் 400. அதன்பின் அவர்களுக்குத் தனி நிரலே இல்லாதொழிந்தது. ஏழாண்டுகளில் மூன்றிலொரு பங்காய்க் குறைவதற்கு அங்கே கொள்ளைநோயோ போரோ நிகழ்ந்திலது. வில்லும் குழையும் இல்லாதவரை வேடரென எழுதக் கணக்கெடுப்போன் கை எழவில்லை. இழிவாகக் கேட்ட பெயரைத் தமக்குரியதெனச் சொல்ல அம்மக்களுள் பலர்க்கும் நா எழவில்லை. இவ்வாறன்றி வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. சிங்களம் பேசுவோர் சிங்களவராகவும் தமிழ் பேசுவோர் தமிழராகவும் ஏட்டில் ஏறினர்.

தமிழ் பேசுவோர் என்றது கீழ்க்கரை வேடரை. மூதூர் தொடக்கம் வாகரை வரையுள்ள கரையோரத்தில் அவர்கள் வாழ்கின்றனர். செலிக்மன் அவர்களைப் பற்றியும் எழுதியுள்ளார். நம்மொழியே அவர்கள் மொழி. சாரம் உடுத்து மீன் பிடிக்கும் அவர்களை வேடரென்று அறியாமலே நம்மவர் பலர் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் போய் வந்துள்ளோம். நாம் தேடிய வேடன் கரி பூசியவனாயிற்றே.

உள்நாட்டு வேடர் நிலை வேறு. 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. தங்களைக் காட்டு மக்கள் என்னும் பொருள்பட வன்னியல அத்தோ என அழைத்துக்கொள்ளும் தம்பானையார்க்கு, தங்கள் முன்னோர் வேட்டையாடிய இடத்தில் வேட்டையாடுதல் குற்றமாயிற்று. ஆனால் தம்பானைக்கு வரும் பயணிகள் முதலிற் பார்க்க விரும்புவது இன்றும் வில்லைத்தான். வந்தவர்களுக்கு அதனை வளைத்துக் காட்டுகின்றனர்; நிழற்படம் எடுத்தானதும் சாத்தி வைக்கின்றனர்.