மாமாவின் குடையும் பாட்டியின் பட்டும்

போன பதிவில் பேரிகை சந்தையைப் பற்றி எழுதினேன். அடுத்தது ஏரிகளைப் பற்றி என்று சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கட்டும். இடையில் ஒரு விஷயம் வந்துவிட்டது. இது சற்று நீளம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

தை மாதம் என் தாய்மாமாவைப் பார்க்க அவருடைய பழைய ராணுவ நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தருமபுரி பக்கம், இன்னொருவர் எல்லைக்கு அந்தப் பக்கம், மாலூர்க்காரர். மாமாவுக்கு இப்போது 83. மற்ற இருவரும் ஒன்றிரண்டு வயது முன்னே பின்னே. முன்பெல்லாம் ஐந்து பேர் வருவார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, நடுவில் ராணுவ இந்தி என்று நாலு பாஷையிலும் வீடு அதிரும். இப்போது மூன்று பேர்தான்.

மூவரும் பாராசூட் படையில் இருந்தவர்கள். மாமா 60 பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளர். தருமபுரிக்காரர் பாராசூட் மடிக்கும் பிரிவு. மாலூர்க்காரர் காலாட்படை.

களி, அவரைக்காய்க் குழம்பு சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, என் பேரன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். நம் விமானப்படையின் ஆகாஷ் கங்கா குழு. 1987ல் தொடங்கிய சாகசக் குழு அது. வண்ண வண்ணமான நீள்சதுரப் பாராசூட்டில் வட்டமடித்து வந்து, தரையில் போட்ட அடையாளத்தின் மேல், படியிறங்குகிற மாதிரி ஓர் அடி எடுத்து வைத்து நிற்கிறார்கள்.

மூன்று கிழவர்களும் சிரித்துவிட்டார்கள். "இது பாராசூட்டா? இதுக்குப் பேரு சைக்கிள்" என்றார் மாலூர்க்காரர். "நினைச்ச இடத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போறான் பாரு."

அப்புறம் இரண்டு மணி நேரம் பேச்சு பழைய வட்டக் குடையைப் பற்றியேதான். நான் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு வீட்டில் இருக்கும் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய பாராசூட் என்பது உண்மையிலேயே குடைதான். கம்பி இல்லாத குடை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையும் நம் படையும் பயன்படுத்திய எக்ஸ் டைப் பாராசூட்டுக்கு 28 அடி விட்டம். உச்சியில் ஓர் ஓட்டை இருக்கும். பையன்களுக்கு நான் இதைச் சொல்லும்போதெல்லாம் "சார், ஓட்டை இருந்தா விழுந்துட மாட்டானா?" என்று யாராவது ஒருவன் கேட்பான். ஓட்டை இல்லாவிட்டால்தான் ஆபத்து. 1797ல் பாரிஸில் கார்னெரின் என்பவர் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கினார். அதில் ஓட்டை இல்லை. உள்ளே அடைபட்ட காற்று ஒரு பக்கமாக வெளியேறும், குடை சாயும், மறுபக்கம் வெளியேறும், அந்தப் பக்கம் சாயும். தூளி மாதிரி ஆடி, மனிதர் தரைக்கு வந்ததும் வாந்தி எடுத்தார். உச்சியில் ஓட்டை வைத்தால் காற்று மேலே நேராக வெளியேறும், ஆட்டம் குறையும்.

ஆட்டம் குறைந்ததே தவிர, திசை நம் கையில் இல்லை. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான். மேலே தொங்கும் பட்டைகளைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். இறங்கும் வேகமும் குறைவில்லை. ஆறடிச் சுவர் மேலிருந்து குதிக்கிற வேகம் இருக்கும். அதனால் நின்றபடி இறங்க முடியாது. இரண்டு பாதத்தையும் முழங்காலையும் சேர்த்துவைத்து, பாதம், ஆடுகால் சதை, தொடை, இடுப்பு, முதுகு என்று வரிசையாகத் தரையில் பட்டு உருள வேண்டும். அந்த அடியை ஒரே எலும்பு வாங்காமல் உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளும் வித்தை அது. ஆக்ராவில் குதிக்க விடுவதற்கு முன்பு தரையிலேயே இதை நூற்றுக்கணக்கான தடவை செய்ய வைப்பார்களாம். மாமா 83 வயதில் திண்ணையிலிருந்து இறங்கும்போதும் இரண்டு பாதத்தையும் சேர்த்துத்தான் வைக்கிறார். அத்தை இதற்காகத் திட்டாத நாள் இல்லை.

ஐந்து முறை குதித்தால் மார்பில் சிறகுச் சின்னம். அதில் ஒன்று இரவில். குதித்த இடம் ஆக்ராவுக்குப் பக்கத்தில் மால்புரா மைதானம். அந்தக் காலத்தில் டகோட்டா, பேக்கெட் விமானங்கள். "அஞ்சுல எதுக்கு மாமா ரொம்பப் பயம்?" என்று கேட்டேன். "ரெண்டாவதுக்கு" என்றார். "முதல் தடவை என்ன நடக்கும்னு தெரியாது மாப்ளே. ரெண்டாவது தடவை தெரியும்."

இங்கேதான் தருமபுரிக்காரர் வாயைத் திறந்தார். அதுவரை வெற்றிலையோடு இருந்தவர். குதிப்பவனுக்குச் சிறகு கொடுக்கிறார்கள், மடிப்பவனை யார் நினைக்கிறார்கள் என்பது அவருடைய ஐம்பது வருட வழக்கு. நீளமான மேசை. அதன் மேல் துணியை இழுத்து நீட்டி, ஒவ்வொரு இதழாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும். கயிறுகளை எண்ணிப் பிரித்து, சிக்கில்லாமல் வளைத்து வளைத்துச் செருக வேண்டும். கடைசியில் அட்டையில் கையெழுத்து. எது எந்தத் தேதியில் யார் மடித்தது என்பது அதோடுகூடவே போகும். "ஒரு நாள் வீட்ல சண்டை. அன்னைக்கு மடிச்சது எனக்குத் திருப்தி இல்லை. பிரிச்சு மறுபடி மடிச்சேன். ராத்திரி எட்டு மணி" என்றார். மாலூர்க்காரர் உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஒரு தகராறு. பாராசூட் விரியும் முறையில் பிரிட்டிஷ் வழி ஒன்று, அமெரிக்க வழி ஒன்று. எக்ஸ் டைப்பில் முதலில் கயிறுகள் முழுக்க நீண்டு, அப்புறம்தான் துணி பையிலிருந்து வெளியே வந்து விரியும். உடம்புக்கு அடி குறைவு. யுத்தக் கால அமெரிக்கப் பாராசூட்டில் துணி முதலில் விரிந்துவிடும், பிறகு கயிறு இழுபட்டு, முதுகில் உதைத்த மாதிரி இருக்கும். ஆனால் அமெரிக்கன் நெஞ்சில் இரண்டாவது பாராசூட் ஒன்று கட்டிக்கொண்டான். போர்க்காலத்து பிரிட்டிஷ் படையில் அது கிடையாது. எது மேல் என்று மூவரும் கால் மணி நேரம் வாதாடினார்கள். நான் அந்தத் தீர்ப்புக்குள் போகவில்லை.

காற்று இழுத்துக்கொண்டு போகும் என்றேனே, அதற்குப் பெரிய சாட்சி 1971. டிசம்பர் 11, வங்கதேசப் போர். லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில் 2 பாரா பட்டாலியன் டாங்கயில் பக்கம் குதித்து, பூங்லி பாலத்தைப் பிடித்தது. டாக்காவை நோக்கிப் பின்வாங்கும் பாகிஸ்தான் படையின் வழியை மறிப்பது நோக்கம். வட்டக் குடைகள் காற்றில் சிதறி, ஆட்களும் தளவாடங்களும் வயலிலும் குளத்திலும் விழுந்தார்கள். அந்த ஊர் மக்கள்தான் ஓடிவந்து சாமான்களைத் தூக்கிக் கொடுத்தார்கள். அப்படிச் சிதறியும் அன்று இரவே பாலம் கைக்கு வந்தது. ஐந்து நாளில் டாக்கா சரணடைந்தது. மாமாவுக்கு அந்தக் குதிப்பில் இடம் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மாமா திடீரென்று என் பக்கம் திரும்பினார். "நீ வாத்தியாராச்சே. ரங்கராஜ் டாக்டரைப் பத்திப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கியா?"

நான் பதில் சொல்லவில்லை. 34 வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு நாளும் சொல்லவில்லை. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ஊர் பெயரிலேயே இருக்கிறது. நம் படையில் பாராசூட் பிரிகேடு ஒன்று 1941 அக்டோபரில் டெல்லியில் தொடங்கப்பட்டது, 50வது பிரிகேடு. அதன் 152வது இந்தியப் பட்டாலியனுக்கு மருத்துவ அதிகாரி இவர். அந்த ஆண்டே அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் குதித்தார்கள். இந்திய ராணுவத்தில் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் அவர்கள்தான். (பலூனிலிருந்து குதித்துக் காட்டிய கல்கத்தா ராம்சந்திர சட்டர்ஜி 1890லேயே உண்டு, அது வேறு கணக்கு.) முதலில் குதித்தவர் துப்பாக்கி பிடித்த வீரர் என்றுதானே நினைப்போம்? ஒரு டாக்டர்.

கதை அதோடு முடியவில்லை. 1950ல் கொரியப் போருக்கு நம் நாடு சண்டைப் படையை அனுப்பவில்லை. மருத்துவப் பிரிவை அனுப்பியது. அது மாமாவின் 60 பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸ். தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். டிசம்பரில் சீனப்படை இறங்கி, பியோங்யாங்கிலிருந்து எல்லாரும் பின்வாங்கியபோது, மருந்தையும் கருவிகளையும் விட்டுவிட்டு வரச்சொன்னார்கள். இவர்கள் விடவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினையும் பெட்டிகளையும் தேடிப் பிடித்து, சாமானை ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுவதற்குள் ஆற்றைக் கடந்தார்கள். 1951 மார்ச் 23ல் முன்சான்னி என்ற இடத்தில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது, இவரும் இந்த யூனிட்டைச் சேர்ந்தவர்களுமாகப் பன்னிரண்டு பேர் கூடவே குதித்து, அடிபட்டவர்களுக்கு அங்கேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

மாமா சேர்ந்தது அதற்கெல்லாம் பல வருடம் கழித்து. ஆனால் யூனிட்டில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவனுக்கும் அந்த ரயில் கதையைச் சொல்லித்தான் முதல் டீ கொடுப்பார்களாம். எஞ்சின் ஓட்டியதை மாமா கையை ஆட்டிக் காட்டியபோது என் பேரன் செல்போனைக் கீழே வைத்துவிட்டான்.

இனி பட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஓசூர், சூளகிரி, பேரிகைப் பக்கம் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுவும் உங்களுக்குப் புதிதல்ல. யுத்தக் காலத்தில் கூட்டுக்கு வந்த விலையைப் பற்றி என் பாட்டி கடைசிவரை பேசுவாள். காரணம் இருக்கிறது. ஜப்பான் பட்டு நின்றுபோனதும், பாராசூட்டுக்காக மைசூர் சமஸ்தானத்துப் பட்டுக்கு அரசாங்கத்தில் பெரிய கிராக்கி. கைராட்டை நூல் ஒரே சீராக வராது என்று ஆலை நூலாக வாங்கினார்கள். 1941ல் கான்பூரில் பாராசூட் தொழிற்சாலையும் வந்தது. போர் முடிந்தது, நைலான் வந்தது, விலை விழுந்தது. மத்தியப் பட்டு வாரியம் 1949ல் பிறந்ததற்குப் பின்னால் அந்தச் சரிவும் இருக்கிறது.

பட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? பர்மா போரில் 14வது படையின் தளபதி ஸ்லிம், கல்கத்தா ஆலைகளில் சணலிலேயே பாராசூட் நெய்யச் செய்தார். 'பாராஜூட்' என்று பெயர். சாதாரணப் பாராசூட் 20 பவுண்டுக்கு மேல். இது ஒரு பவுண்டு சொச்சம். அரிசி மூட்டையும் தோட்டாப் பெட்டியும் இறக்க மட்டும்தான், ஆள் குதிக்க அல்ல. கோணிப்பையை வானத்தில் பறக்கவிட்ட இந்தச் சங்கதியைக் கேட்டதும் தருமபுரிக்காரர், "அதையும் எவனோ ஒருத்தன் மடிச்சிருப்பான்ல" என்றார்.

மாமா பாரா படைக்குத் தேர்வானபோது பாட்டி மூன்று நாள் சாப்பிடவில்லை. விடுப்பில் வந்த மாமா ஒன்று செய்தார். சந்திரிகையிலிருந்து ஒரு கூட்டை எடுத்து அவள் கையில் வைத்து, "அம்மா, இந்தப் பட்டுதான் என்னைப் புடிச்சுக்கிட்டு இறக்குது. நம்ம வீட்டு நூலும் அதுல இருக்கும்" என்றார். பாட்டி சமாதானமாகிவிட்டாள். அதற்கப்புறம் புழுவுக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டதைப் போல எங்களைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. ஊர் முழுக்க, "எம் மவன் எங்க பட்டுலதான் குதிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். 1989ல் கண்மூடும்வரை அப்படித்தான்.

அன்று திண்ணையில்தான் மாமா சொன்னார்: அவர் குதித்ததெல்லாம் நைலான். ஒரு தடவைகூடப் பட்டு இல்லை. "அம்மாகிட்ட நைலான்னு சொன்னா, அது மீன் வலைடானு அழுதிருப்பா" என்றார். மாலூர்க்காரர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

பேரன் கேட்டதற்காக ஒன்று: இந்த நீள்சதுரப் பாராசூட் டொமினா ஜால்பர்ட் என்ற பட்டம் செய்பவர் 1960களில் கண்டுபிடித்தது. தலையணை உறைகளை வரிசையாகத் தைத்து, முன்பக்கம் திறந்து வைத்த மாதிரி. காற்று உள்ளே புகுந்து உப்பி, இறக்கை ஆகிவிடும். ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய மூன்றடி முன்னே போகும். 2002ல் வடதுருவத்தின் மேல் குதித்த நம் ரேச்சல் தாமஸ் பற்றிப் பெண் பிள்ளைகள் தேடிப் படியுங்கள். ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வீரர்களைக் குறைந்த உயரத்தில் இறக்க இன்றும் ராணுவங்கள் பெரும்பாலும் வட்ட வகையைத்தான் நம்புகின்றன. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓட்டினால் வானத்தில் மோதிக்கொள்வார்கள் அல்லவா? இதைச் சொன்னதும் மூன்று பேருக்கும் ஏக சந்தோஷம்.

சாயங்காலம் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டேன். தருமபுரிக்காரர் தன் துண்டை மடித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, என்னிடம் படித்தவர்களுக்கு. பாராசூட் எதனால் ஆனது என்ற கேள்விக்குப் 'பட்டு' என்று எழுதச் சொல்லி, எழுதியவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டேன். 'நைலான்' என்று எழுதிய ஒரு பையனுக்குத் தப்புப் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்ச், அப்பா லாரி டிரைவர். தம்பி, இதைப் படித்தால் கீழே ஒரு வார்த்தை எழுது. உனக்கு ஒரு மதிப்பெண் பாக்கி இருக்கிறது. மற்றவர்கள் வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். திருப்பிக் கேட்க மாட்டேன்.