கார்டிஃப்: இரண்டு காலண்டர்கள்

1943இல் பிரிட்டிஷ் தகவல் அமைச்சகம் எடுத்த சில புகைப்படங்களைச் சமீபத்தில் பார்க்க நேர்ந்தது. லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் சேகரிப்பில் இருப்பவை. வேல்ஸின் துறைமுக நகரமான கார்டிஃபில், பியூட்டவுன் என்ற பகுதியில் வாழ்ந்த முஸ்லிம்களின் அன்றாட வாழ்க்கைதான் விஷயம். மசூதிக்குள் ஆண்களும் சிறுவர்களும் வரிசையாகத் தொழுகிறார்கள். பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்றுக்கொள்கிறார்கள். போர் நடந்துகொண்டிருக்கும் ஒரு நகரத்தில் எடுத்த படங்கள் என்று சொன்னால்தான் தெரியும்.

பொய்ப் படங்கள் என்று சொல்லமாட்டேன். கேமரா எதிரில் இருக்கிறது என்பதற்காகத் தொழுகை நடிப்பாகிவிடாது. ஆனால் தகவல் அமைச்சகம் என்பது போர்க்காலப் பிரச்சாரத்துக்கென்று 1939இல் ஏற்பட்ட அமைச்சகம். அதற்குக் கார்டிஃபின் ஒரு மூலையில் நடந்த தொழுகை ஏன் வேண்டியிருந்தது என்ற கேள்வி படத்துக்குள் இல்லை. நம் சூழலில் ஒரு கதையைப் பாராட்ட வேறு வார்த்தை அகப்படாதபோது 'அன்றாட வாழ்வின் பதிவு' என்று எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். யார் பதிந்தது, எந்தத் தேவைக்காக என்று கேட்டதில்லை. இந்தப் படங்களுக்குப் பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

கார்டிஃபில் பியூட் மேற்குத் துறை திறக்கப்பட்டது 1839 அக்டோபரில். அதே ஆண்டு ஜனவரியில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஏடனைப் பிடித்தது. ஆண்டு ஒன்றாக அமைந்தது தற்செயல். பின்னால் நடந்தது தற்செயல் அல்ல. வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வெட்டிய நிலக்கரி கார்டிஃபில் கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போயிற்று. ஏடன் நீராவிக் கப்பல்கள் கரி நிரப்பிக்கொள்ளும் இடமாயிற்று. 1869இல் சூயஸ் திறந்தபின் அந்தப் பாதையில் போகாத கப்பல் குறைவு. ஏமன் மலைக்கிராமங்களிலிருந்து ஏடனுக்கு இறங்கி வந்தவர்கள் கொதிகலன் அறையில் கரி அள்ளிப்போடும் வேலைக்குச் சேர்ந்தார்கள். கப்பலில் இருப்பதிலேயே கடைசி வேலை அது. அப்படி அள்ளிப்போட்டுக்கொண்டே கரியின் சொந்த ஊருக்கு வந்து இறங்கினார்கள். ஏடன் நெடுங்காலம் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. 1937 வரை இந்தியாவோடு வைத்தே ஆளப்பட்டது. ஆக, இவர்கள் நம் சரித்திரத்துக்கு முற்றிலும் வெளியாட்களும் அல்ல.

ஒரு சங்கதியை இங்கேயே தீர்த்துவிடலாம். பிரிட்டனின் முதல் மசூதி 1860இல் கார்டிஃபின் கிளின்ரோண்டா தெருவில் ஏற்பட்டது என்று பல புத்தகங்களில் காணலாம். அது வழிபாட்டிடங்களின் பதிவேட்டைப் பிரதி எடுத்ததில் நேர்ந்த பிழை என்று கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிழை திருத்தப்பட்ட பிறகும் கதை நிற்கவில்லை. 'முதல்' என்ற சொல்லின் மேல் உள்ள மோகம் நமக்கு மட்டும் சொந்தமானது என்று இதுவரை நினைத்திருந்தேன்.

மசூதிக்கு முன்னால் இருந்தது போர்டிங் ஹவுஸ். கப்பலை விட்டு இறங்கியவன் அடுத்த கப்பல் கிடைக்கும்வரை தங்குமிடம். நடத்தியவரும் அரபுக்காரர். காசில்லாத நாட்களில் கடனுக்குச் சோறும் படுக்கையும். கப்பல் கிடைத்ததும் கணக்குத் தீர்க்க வேண்டும். கடனாளியாகவே காலம் கழித்தவர்களும் இருந்திருப்பார்கள்; அந்த ஏற்பாட்டைத் தர்மசாலையாக்க வேண்டாம். ஆனால் ஹலால் இறைச்சி கிடைத்தது அங்கே. தொழுவதற்கு இடம் இருந்தது அங்கே. ஒரு கிராமத்தான் இன்னொரு கிராமத்தானைக் கண்டுகொண்டது அங்கே. கடலில் மாதக்கணக்காகப் பொழுது தவறிய தொழுகைகளுக்குப் பிறகு, பக்கத்தில் தோள் உரச ஒருவன் நிற்க, தொழக் கிடைத்த இடம். கட்டடம் என்று ஒன்று எழும்பும்வரை மதம் சமையலறையை ஒட்டித்தான் வாழ்ந்தது.

கல்யாணம் செய்துகொண்டவர்களின் வீடுகளில் நிலைமை இன்னும் விசித்திரமானது. பெண்கள் பெரும்பாலும் வேல்ஸ்காரிகள், மற்ற வெள்ளைக்காரப் பெண்கள். சிலர் இஸ்லாத்தைத் தழுவினார்கள், சிலர் இல்லை. புருஷன் கடலில். பிள்ளையின் தட்டில் பன்றி இறைச்சி விழாமல் பார்த்துக்கொள்வது, பெருநாளன்று குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு அனுப்புவது, எல்லாம் அந்த மார்க்கத்தில் பிறக்காதவளின் பொறுப்பாகிவிடுகிறது. பியூட் தெருவில் ஏமன்காரக் கணவரும் வேல்ஸ்கார மனைவியும் நடத்திய கெய்ரோ கஃபே பற்றி அங்கே இன்னும் பேசுகிறார்கள். பரம்பரையாக வருவதுதான் நம்பிக்கை என்று எண்ணிப் பழகிய நமக்கு, அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்டுக் கேட்டுக் கற்ற இந்த நம்பிக்கையைக் குறிக்கச் சரியான வார்த்தைகூட இல்லை.

இதெல்லாம் ஆவணங்களில் அதிகம் கிடைப்பதில்லை. ஆவணங்களில் கிடைப்பது கலவரம். முதல் உலகப்போர் முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். வேலை இல்லை, வீடு இல்லை. வெள்ளைக்காரப் பெண்களோடு கறுப்பர்களும் அரபுக்காரர்களும் குடும்பம் நடத்துகிறார்கள் என்ற ஆத்திரம் வேறு. 1919 ஜூன் 11 தொடங்கிச் சில நாட்கள் கார்டிஃபில் கும்பல்கள் வீடுகளையும் போர்டிங் ஹவுஸ்களையும் தாக்கின. மூன்று பேர் செத்தார்கள்.

நான் வங்கியில் குமாஸ்தா. காலண்டர் பார்ப்பது என் தொழிலின் ஒரு பகுதி. அந்த ஜூன் 11 ஹிஜ்ரி கணக்கில் என்ன தேதி என்று ஒருநாள் போட்டுப் பார்த்தேன். 1337ஆம் ஆண்டின் ரமலான் மாதம், ஏறக்குறைய நடுப்பகுதி. பிறைக்கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆகலாம், மாதம் மாறாது. நான் படித்த கலவர வர்ணனைகள் ஒன்றிலும் இதைப் பார்த்த ஞாபகமில்லை. ஜூன் நடுவில் கார்டிஃபில் சூரியன் மறைய, கடிகாரத்தில் இரவு ஒன்பதரை ஆகும். பதினெட்டு மணிநேரத்துக்குக் குறையாத நோன்பு. கும்பல் தெருவில் திரண்ட அந்த மாலைகளில் உள்ளே அடுப்பு எரிந்திருக்கும். யாரோ பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். இது என் ஊகம்தான். ஆனால் கல் விழுந்த கண்ணாடிகளை எண்ணிய சரித்திரத்தைக் காட்டிலும் இந்த ஊகம் அந்த வீட்டுக்குச் சற்றுப் பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆவணம் 1925. 'நிறத்தவரான அந்நிய மாலுமிகள்' போலீஸில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஓர் ஆணை. ஏடனில் பிறந்தவன் பிரிட்டிஷ் பிரஜை. அவன் அந்நியன் அல்ல. அதை அவன் நிரூபிக்க வேண்டும். கையில் இருப்பதோ கப்பல் வேலைக்கான சான்றுப் புத்தகம். அது பிரஜை என்பதற்கு அத்தாட்சி ஆகாது என்றார்கள். கார்டிஃப் போலீஸ் இதில் மிகுந்த உற்சாகம் காட்டியது. சட்டப்படி பிரஜைகளாக இருந்த எத்தனையோ பேர் அந்நியர்களாகப் பதியப்பட்டார்கள். இமாமின் ஆட்சியில் இருந்த உள்நாட்டு ஏமனில் பிறந்துவிட்டு ஏடன் என்று சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. இருக்கத்தான் செய்வார்கள். பொய் சொன்னால்தான் கப்பல் கிடைக்கும் என்றால் எவன் உண்மை பேசுவான்?

இந்த இடத்தில் நான் வெளியில் நின்று பேச முடியாது. நான் முன்பு வேலை பார்த்த கடற்கரை ஊர்க் கிளைக்கு ஒரு முதியவர் வருவார். இளமையில் கப்பலுக்குப் போனவர். பாஸ்புத்தகத்தில் அவர் பெயரில் ஓர் 'ஓ', அடையாள அட்டையில் அதே இடத்தில் ஒரு 'யு'. அரபுப் பெயரை இங்கிலீஷில் எழுதிய இரண்டு குமாஸ்தாக்கள் இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். "எழுத்துதானே தம்பி மாறியிருக்கு, ஆளு நான்தானே" என்றார். "விதி அப்படி பாய், அபிடவிட் வாங்கிட்டு வாங்க" என்றேன். மூன்று முறை அலைந்தார். விதிப்படி நான் செய்தது சரி. 1925இன் கார்டிஃப் போலீஸ்காரனும் விதிப்படிதான் செய்தான். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. என் கவுண்டரில் அவருடைய நாடு பறிபோகவில்லை. ஆனால் அந்த ஆணையைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்த முகம் போலீஸ்காரன் முகம் அல்ல, என்னுடையது.

1935இல் கப்பல் முதலாளிகளுக்கு மானியம் தரும் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கே முதலில் வேலை என்பது நிபந்தனை. அந்நியன் என்று எழுதப்பட்ட அட்டை அப்போது வயிற்றில் அடித்தது. கரைதட்டிக் கிடந்த இந்த ஜனங்களிடையேதான் 1936இல் ஷேக் அப்துல்லா அலி அல்ஹக்கீமி வந்து சேர்ந்தார். ஏமன்காரர், அல்ஜீரியாவின் முஸ்தகானம் நகரத்து அலவிய்யா சூஃபி மரபைச் சேர்ந்தவர். தொழுகை, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தல், மார்க்கத்தில் சேர்ந்த மனைவிகளுக்குப் பாடம் என்று எல்லாவற்றையும் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். பீல் தெருவில் மசூதி ஏற்பட்டது. பெருநாட்களில் பிள்ளைகளை முன்னால் விட்டுத் தெருவில் ஊர்வலம் போனார்கள். சமையலறைக்குப் பின்னால் இருந்த மதம் வீதிக்கு வந்தது. 1919இல் எந்தத் தெருக்களில் ஒளிய வேண்டியிருந்ததோ அதே தெருக்கள். 1941 ஜனவரியில் ஜெர்மன் குண்டுவீச்சில் மசூதி இடிந்தது. அந்த மாதத்தில்தான் பக்ரீத். பின்பு அரசாங்க உதவியோடு மீண்டும் கட்டிக்கொண்டார்கள்.

அல்ஹக்கீமியை ஞானியாக மட்டும் வரைவது தவறு. 1948இல் கார்டிஃபிலிருந்து 'அஸ்ஸலாம்' என்ற அரபுப் பத்திரிகையை ஆரம்பித்து ஏமன் இமாமின் ஆட்சியை எதிர்த்தார். 1952 வரை அது வந்தது. அவருடைய உதவியாளராக இருந்த ஷேக் ஹசன் இஸ்மாயில் இமாமின் பக்கம். சமூகம் இரண்டாகப் பிளந்தது. சில நூறு வாசகர்களுக்காக அந்நிய ஊரில் ஒரு பத்திரிகை, அதைச் சுற்றிக் கோஷ்டி, பிளவு: இதைப் படிக்கிற நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அல்ஹக்கீமி ஏடனுக்குத் திரும்பி 1954இல் அங்கேயே இறந்தார்.

இப்போது அந்தப் புகைப்படங்களுக்கு மறுபடி வருகிறேன். 1925இன் ஆணை ரத்தானது 1942இல். கேமரா வந்தது 1943இல். போர்க்கப்பல்களுக்கும் சரக்குக் கப்பல்களுக்கும் ஆள் தேவைப்பட்டபோது, அரபு உலகின் நல்லெண்ணம் தேவைப்பட்டபோது, பதிவேட்டில் அந்நியனாக இருந்தவன் படத்தில் மன்னரின் விசுவாசமுள்ள முஸ்லிமாக ஆகிவிட்டான். போலீஸ் அட்டையில் ஒட்டியிருந்ததும் அவன் முகம்தான். அதை எந்த மியூசியத்தின் சுவரிலும் மாட்டமாட்டார்கள்.

போர் முடிந்தது, தேவையும் முடிந்தது. 1952 மார்ச் 6 அன்று பியூட்டவுனில் லில்லி வோல்பர்ட் என்ற கடைக்காரப் பெண் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். மஹ்மூத் ஹுசேன் மத்தானைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் சோமாலிலாந்தின் ஹர்கெய்சாவில் பிறந்தவர், முன்னாள் மாலுமி, முஸ்லிம். 1947இல் லாரா வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் பெண்ணை மணந்தவர், மூன்று மகன்கள். சாட்சியம் பலவீனமானது. வழக்கில் அவருக்காக வாதாடிய வக்கீலே அவரைப் பாதிக் குழந்தை, பாதி நாகரிகமடையாத காட்டுமிராண்டி என்ற பொருள்பட ஜூரியிடம் வர்ணித்தார். எதிர்த்தரப்பு அல்ல, சொந்த வக்கீல். தொழுகை வரிசையின் படம் எடுத்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. செப்டம்பர் 3 அன்று கார்டிஃப் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

இந்தத் தேதியையும் மாற்றிப் பார்த்தேன். துல்ஹஜ் மாதம் 13ஐ ஒட்டி வருகிறது. பக்ரீத் முடிந்து இரண்டு மூன்று நாள். பலியிட்ட இறைச்சியைப் பங்கிட்டுக் கொடுக்கும் நாட்கள் இன்னும் முடிந்திருக்காது. பீல் தெருவிலும் பியூட் தெருவிலும் அந்த வாரம் வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள், யார் வீட்டுப் பங்கு லாராவின் வீட்டுக்குப் போயிற்று, ஒருவேளை எதுவும் போகவில்லையா? படமெடுக்க அமைச்சகத்திலிருந்து யாரும் வரவில்லை.

மத்தானின் உடல் சிறை வளாகத்து மண்ணிலேயே கிடந்தது. 1996இல்தான் தோண்டி எடுத்துக் கார்டிஃபின் மேற்குக் கல்லறையில், முஸ்லிம்களுக்கான பகுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. முதன்மைச் சாட்சியின் வாக்குமூலத்தில் மறைக்கப்பட்டவை வெளிவந்து 1998 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. லாரா 2008இல் இறந்தார். தெற்கு வேல்ஸ் போலீஸ் மன்னிப்புக் கேட்டது 2022 செப்டம்பரில், எழுபது ஆண்டுகள் கழித்து. அதைக் காதில் வாங்க மூன்று மகன்களில் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை.