பீரோ சாவியும் பாஸ்வேர்டும்

சென்ற வாரம் தருமபுரியில் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மாலைக்குள் முடிவு கைப்பேசிக்கே வந்துவிட்டது. வசதிதான். ஆனால் இதை இன்னும் யார் யார் பார்க்க முடியும் என்று என் பழைய குமாஸ்தா புத்தி கேட்டது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ‘செக்ரே ப்ரொஃபெஸியொனெல்’, அதாவது தொழில் இரகசியம் என்ற சொல்லை அங்கேதான் கேட்டேன். நெப்போலியன் காலத்தில், 1810இல் வந்த பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு அதைப் பற்றியது. மருத்துவரோ, மருந்து கொடுப்பவரோ, மருத்துவச்சியோ, நோயாளியின் இரகசியத்தை வெளியே சொன்னால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் வேறு.

நான் இங்கே அரசுப் பணிக்கு வந்தபோது நோயாளி விவரம் என்றால் தடித்த பதிவேடுதான். பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வோம். அப்படியும் ஒருமுறை ஓர் அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்தபடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒரு பெண்ணுக்குக் காசநோய் என்பது ஊருக்குத் தெரிந்து, நிச்சயித்த கல்யாணம் நின்றது. நோய் மருந்தில் குணமாயிற்று. கல்யாணம் நின்றது நின்றதுதான்.

அன்று வெளியானது ஒரு பெயர். இன்று நிலைமை வேறு. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களை யாரோ முடக்கினார்கள். பதிவு, அனுமதி, டிஸ்சார்ஜ் எல்லாம் சுமார் இரண்டு வாரம் பேனாவும் காகிதமுமாக நடந்தன. வலையமைப்பைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. எல்லா அறைக்கும் ஒரே சாவி என்பது போலத்தான். தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வரில் நகல் இருந்ததால் விவரங்கள் மீண்டன. கோப்புக்கு நகல் எடுத்துத் தனியே வை என்று எங்கள் கண்காணிப்பாளர்கள் திட்டியது வீண்போகவில்லை!

அடுத்த சில நாளில் திருப்பூரிலிருந்து இன்னொரு செய்தி. ஒரு தனியார் மருத்துவமனையின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரம் இணையத்தில் விலைக்கு வந்தது.

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. மருத்துவப் பதிவு பாதுகாக்க வேண்டிய தகவல் என்று 2011இல் விதி வந்தது. எச்.ஐ.வி. நோயாளியின் விவரத்தைப் பற்றி 2017இல் தனிச்சட்டம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

ஆனாலும் ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்திலேயே பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பீரோவைப் பூட்டிவிட்டுச் சாவியை அதன்மேலேயே வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் உடனே சொல்லிவிடாதீர்கள், எதற்கு என்று கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடுங்கள், பொட்டலம் மடிக்கக் கொடுக்காதீர்கள். நம் நோய் நம்மோடு இருக்கட்டும்.