பழியும் பிணியும்

நோய் வந்தால் அதன் காரணத்தைத் தேடுவது அறிவு. காரணத்தைத் தேடாமல் குற்றவாளியைத் தேடி அலைவது மடமை. பால்வினை நோய்களின் வரலாற்றைப் புரட்டினால், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக இவ்விரண்டும் மோதி வருவதைக் காண்கிறோம். மடமை ஓங்கிய இடத்தில் பிணி வளர்ந்தது. அறிவு ஓங்கிய இடத்தில் அது பின்வாங்கிற்று. எனினும் இந்த வரலாற்றைப் பேச நாம் நாணுகிறோம். பேசக் கூடாதது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம்! பேசாதிருந்ததால் விளைந்த பயன் என்ன என்பதையே இங்கு காண விழைகிறோம்.

1495ஆம் ஆண்டு. பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லசின் படை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருள் புகுந்தது. அந்தப் போரின்போது கொடியதொரு நோய் வெடித்தது. உடலெங்கும் புண், எலும்பைத் துளைக்கும் வலி, ஈற்றில் சாவு. படை கலைந்தது; வீரர்கள் ஊர் திரும்பினர்; நோயும் அவர்களோடு ஐரோப்பா முழுவதும் நடந்தது. அதற்கு மருந்து காணுமுன் மக்கள் அதற்குப் பெயர் கண்டனர். 'பிரெஞ்சு நோய்' என்றனர் இத்தாலியர். 'நேப்பிள்ஸ் நோய்' என்றனர் பிரெஞ்சுக்காரர். 'போலந்து நோய்' என்றனர் ருசியர். 'கிறித்தவர் நோய்' என்றனர் துருக்கியர். நாம் மட்டும் விலக்கா? கடல் கடந்து வந்த வெள்ளையனைப் பறங்கி என்றழைத்த நம் முன்னோர், இந்நோயைப் 'பறங்கிப் புண்' என்றனர். அதற்கு நம் மருத்துவர் தந்த சரக்குகளுள் ஒன்று பறங்கிப்பட்டை. 16ஆம் நூற்றாண்டின் வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசமும் 'பிரங்க ரோகம்' என்றே இதைக் குறிக்கிறது. நோய் அயலானுடையது, நாம் தூயவர் என்று சொல்லிக்கொள்ளாத நாடு இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டதால் நோய் நுழையாத நாடும் இல்லை!

சிபிலிஸ் என்று மருத்துவ உலகம் இன்று வழங்கும் பெயர் எங்கிருந்து வந்தது? புராணத்திலிருந்து! வெரோனா நகர மருத்துவர் ஃபிரகாஸ்டோரோ 1530இல் ஒரு கவிதை நூல் வெளியிட்டார். அதில் சிபிலஸ் என்றோர் இடையன் சூரியதேவனைப் பழிக்கிறான். தேவன் சினந்து அவன் மேல் இந்த நோயை ஏவுகிறான். கடவுளைப் பழித்தால் உடல் அழுகும் என்ற கதை இங்கு மட்டும் விளைந்த சரக்கல்ல என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் அதே ஃபிரகாஸ்டோரோ 1546இல் வேறொரு நூல் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்துக்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்று நோயைப் பரப்புகின்றன என்றார் அதில். ஒரே மனிதரின் கையில் புராணமும் இருந்தது, ஆராய்ச்சியும் இருந்தது. உலகம் எதை ஏந்திக்கொண்டது? தண்டனைக் கதையை! வித்தைத் தேடுவோர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதுவரை பாதரசத்தைப் பூசினர், புகைத்தனர், விழுங்கினர். பல் உதிர்ந்தது, எச்சில் ஆறாக வழிந்தது, பிணியோ போகவில்லை.

பழி அடுத்து யார் தலையில் விழுந்தது? பெண்ணின் தலையில்! சிப்பாய்களிடையே நோய் பெருகவே, பிரிட்டிஷ் அரசு 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சட்டங்களைக் கொணர்ந்தது. படைமுகாம் நகரங்களிலும் துறைமுகங்களிலும், விலைமகள் என்று போலீசார் ஐயுற்ற பெண்ணைப் பிடிக்கலாம். கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தலாம். நோய் இருந்தால் மருத்துவமனையில் அடைக்கலாம். அவளிடம் வந்த ஆணுக்கோ சோதனையும் இல்லை, சிறையும் இல்லை! இந்தியாவுக்கும் 1868இல் அதே போன்ற சட்டம் வந்தது. சென்னை நகரிலும் அது செயற்பட்டது. இரண்டு வாயில் உள்ள வீட்டில் ஒன்றைப் பூட்டி, மற்றதைத் திறந்து வைத்து, திருடன் வரமாட்டான் என்று உறங்கிய அறிவாளிகள் அவர்கள்! இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் என்ற அம்மையார் இந்த அநீதியை எதிர்த்துக் கிளம்பினார். நாணத்துக்குரிய பொருளைப் பெண் பேசுவதா என்று ஏசினர். அவர் பேசுவதை நிறுத்தவில்லை. அங்கு 1886இல் சட்டம் ஒழிந்தது; இங்கு 1888இல் நீக்கப்பட்டது.

பழி தேடியவர்கள் தோற்ற இடத்தில் காரணம் தேடியவர்கள் வென்றனர். வெட்டை நோயின் கிருமியை 1879இல் நெய்சர் கண்டார். 1905இல் பெர்லினில் ஷாடின், ஹாஃப்மன் இருவரும் பறங்கிப் புண்ணின் கிருமியைக் கண்டனர். சூரியதேவனின் சாபமல்ல, சுருள் வடிவான ஒரு சிற்றுயிர்! மறு ஆண்டே வாசர்மன் இரத்தச் சோதனையைத் தந்தார். ஜெர்மானியர் எர்லிக்கும் ஜப்பானியர் ஹாடாவும் கண்ட 606ஆம் எண் மருந்து, சால்வர்சான் என்ற பெயரில் 1910இல் விற்பனைக்கு வந்தது. 1943இல் அமெரிக்க மருத்துவர் மகோனி, பெனிசிலின் கொண்டு நோயாளிகள் நால்வரைக் குணப்படுத்தினார். நூற்றாண்டுகள் அழுதும் தொழுதும் தீராத நோயை ஒரு பூஞ்சையின் சாறு தீர்த்தது!

மருந்து வந்துவிட்டால் போதுமா? மனம் மாற வேண்டாமா? அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலச் சுகாதார ஆணையர் தாமஸ் பாரன் வானொலியில் பேச இருந்தார். சிபிலிஸ் என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்றது வானொலி நிலையம். பேச மறுத்து வெளியேறினார் அவர். 1936இல் அவரே நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியானார். ஆனால் வரலாறு எவரையும் முழுமையாக வாழ்த்த விடுவதில்லை. அவர் தலைமையேற்ற அந்தப் பொதுச் சுகாதாரத் துறைதான், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி அருகே 1932இல் ஒரு கொடுமையைத் தொடங்கியிருந்தது. ஏழைக் கறுப்பின ஆடவர் 600 பேர். அவருள் 399 பேர் நோயாளிகள். 'கெட்ட இரத்தம்' என்று மட்டும் அவர்களிடம் சொல்லப்பட்டது, உண்மை சொல்லப்படவில்லை. நோய் மனிதனை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதே நோக்கம். 1947 அளவில் பெனிசிலின் ஏற்கப்பட்ட மருந்தாகிவிட்டது. அவர்களுக்கோ அது தரப்படவில்லை. 1972இல் செய்தி ஏடுகளில் வெளியான பிறகே அக்கொடுமை நின்றது. 1997இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். நிறவெறி கையில் ஏந்தினால், அறிவியலும் கொலைக் கருவியாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அது அமெரிக்கா என்று நாம் அகமகிழ வேண்டாம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் அறுவரிடம் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டனர். இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதற்குக் கிடைத்த முதற் சான்று அது. நம் புண்ணிய பூமியில் அந்நோய் வராது என்றிருந்தோரின் செருக்கை இரண்டு பெண்களின் ஆராய்ச்சி உடைத்தது. ஆனால் பழைய பழக்கம் போயிற்றா? கிருமி இருந்த காரணத்தால் பெண்கள் சிலர் காப்பகத்தில் காலம் கடந்தும் அடைத்து வைக்கப்பட்டனர். 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1868இன் பூட்டு எத்தனை ஆண்டு கழித்தும் துருப்பிடிக்கவில்லை!

பழியை விட்டுக் காரணத்தைப் பற்றுவோர் இன்று அறிய வேண்டியவை என்ன? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குணப்படுத்தக் கூடிய பால்வினைத் தொற்றுகள் நாள்தோறும் 10 இலட்சத்துக்கு மேல் புதிதாக ஏற்படுகின்றன. சிபிலிஸ், வெட்டை, கிளமிடியா, டிரைகோமோனாஸ் ஆகிய நான்கும் மருந்தால் தீரும். பலருக்கு அறிகுறியே தோன்றாது. ஆகவே ஐயம் எழுந்தால் சோதனையே வழி. சிபிலிசின் முதற் புண் தானே ஆறும். கிருமி உள்ளே இருக்கும். புண் ஆறியதைக் குணம் என்று நம்பி ஏமாறக் கூடாது. ஒருவர் மட்டும் மருந்துண்டால் பயனில்லை. துணைவருக்கும் மருத்துவம் வேண்டும். கடையில் தாமே வாங்கி அரைகுறையாக விழுங்கினால் கிருமி மருந்தை வெல்லக் கற்கும். வெட்டை நோய்க் கிருமி பல மருந்துகளை ஏற்கெனவே வென்றுவிட்டது.

ஆணுறையை முறையாக, ஒவ்வொரு முறையும் அணிவது சிறந்த காப்பு. தோலுறவால் பரவும் சில தொற்றுகளை அது முற்றும் தடுக்காது. எனினும் இடரைக் குறைக்கும். ஹெபடைடிஸ் பி நோய்க்கும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மூலமான பாப்பிலோமா வைரசுக்கும் தடுப்பூசி உண்டு. கருவுற்ற தாய்க்குச் சோதனை செய்து மருந்தளித்தால் பிறக்கும் குழந்தையைக் காக்கலாம். எச்.ஐ.வி. தொற்றுக்கு அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் கட்டணமின்றிக் கூட்டு மருந்து தரப்படுகிறது. அதை இடைவிடாது உண்டு, கிருமி இரத்தத்தில் அளவிட முடியாதபடி அடங்கியவரிடமிருந்து உடலுறவால் அது பரவாது. தொடுவதாலோ, ஒன்றாக உண்பதாலோ எவரிடமிருந்தும் பரவாது. வேலையிலும் கல்வியிலும் அவர்களை ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் உள்ளன.

நம்பிக்கை மையத்தின் கதவு திறந்திருக்கிறது. அதன் வாயிலில் காவல் நிற்பது எது? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம்! அந்த நாலு பேரில் நாமும் ஒருவராக இருந்தால், அச்சத்தை வளர்த்தவர் நாமே. நோயுற்ற தோழன் நம்மிடம் வாய் திறந்தால், 'எப்படி வந்தது' என்று விசாரிக்கும் நீதிபதியாக வேண்டாம். 'வா, மருத்துவரிடம் போவோம்' என்று கைபிடிக்கும் மனிதராவோம். குற்றவாளியைத் தேடியது போதும், கிருமியைத் தேடுவோம்!