பிரெஞ்சுக் கனடியரின் இரட்டைப் பெயர்கள்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தம் முன்னோரைத் தேடப் புகுவோர் பலர், 300 ஆண்டுகளுக்கும் அப்பால் சென்று, கடல் கடந்து வந்த முதல் மூதாதையையே கண்டுவிடுகின்றனர். இவர்கள் அரச குலத்தாரல்லர். உழவர், தச்சர், படைவீரர் ஆகியோரின் வழித்தோன்றல்கள். எளிய குடிமக்களுக்கு இப்பேறு வேறு நாடுகளில் எளிதில் வாய்ப்பதில்லை. ஆயினும் இத்தேடலில் இறங்குவோர் முதலில் இடறுவது பெயரில்தான்.

பழைய ஏடுகளில் 'பியேர் ஊதோன் தி போலியே' என்பது போன்ற பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. 'தி' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'எனப்படுபவர்' என்பது பொருள். நம்மவர் பத்திரங்களில் 'என்கிற' என்று எழுதுவதை இஃது ஒக்கும். ஊதோன் குடும்பப் பெயர்; போலியே அதனொடு சேர்ந்த வழக்குப் பெயர்.

இவ்வழக்கத்தை வளர்த்தவருள் படைவீரர் முதன்மையானவர். 1665ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் அனுப்பிய கரீஞான் சாலியேர் படையில் ஏறத்தாழ 1,200 பேர் வந்தனர். அவருள் சுமார் 400 பேர் அங்கேயே குடியேறினர். படையில் ஒவ்வொருவருக்கும் ஒரு போர்ப்பெயர் உண்டு. 'பூ' எனப் பொருள்படும் லாஃப்ளேர், 'கவலையற்றவன்' எனப் பொருள்படும் சான்சூசி, பிக்கார்டி நாட்டவனைக் குறிக்கும் பிக்கார் ஆகியன அவற்றுட் சில. வாளைக் கீழே வைத்த பின்னரும் அப்பெயர்கள் பேரப்பிள்ளைகளைத் தொடர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரட்டைப் பெயர் மெல்ல மறைந்தபோது, ஒரு கிளையினர் முதற்பெயரையும் மற்றொரு கிளையினர் பின்பெயரையும் வைத்துக்கொண்டனர். ஒரே மூதாதையின் மக்களுள் சிலர் ஊதோன், சிலர் போலியே ஆயினர்.

இச்சிக்கலை அவிழ்ப்பது பெண்ணின் பெயரே. பிரெஞ்சுக் கனடாவின் பங்குக் கோயில் ஏடுகளில், மணமான பின்னரும் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டாள். பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவிலும், நோட்டரி எழுதிய பத்திரத்திலும், இறுதியில் அடக்கப் பதிவிலும் அதே பெயர். ஊரார் அவளைக் கணவன் பெயரால் அழைத்த பிற்காலத்திலும் ஏடு அவ்வாறு செய்யவில்லை. திருமணப் பதிவிலோ மணமக்கள் இருவரின் தாய் தந்தையரும், தாயரின் சொந்தப் பெயரோடு, பொதுவாக எழுதப்பட்டனர். ஆகவே கணவன் ஓரிடத்தில் ஊதோன் என்றும் மற்றோரிடத்தில் போலியே என்றும் காணப்பட்டாலும், அருகிலுள்ள மனைவியின் பெயர் 'இவன் அவனே' என்று சான்று பகரும். ஒரு திருமணத்திலிருந்து அதற்கு முந்திய இரண்டு திருமணங்களுக்கு ஏறலாம். அவற்றிலிருந்து நான்கிற்கு ஏறலாம். 1663 முதல் 1673 வரை மன்னன் செலவில் வந்த ஏறத்தாழ 770 பெண்கள் பலரை இன்றும் பெயர் சொல்லி அடையாளங் காட்ட முடிவது இதனாலேயே.

பிள்ளைப் பெயர்கள் தனிப் புதிர். ஆண் பிள்ளைக்கு ஜோசப், பெண் பிள்ளைக்கு மரி என முன்னொட்டு வரும். ஞானப்பெற்றோர் பெயர் இடையில் வரலாம். வீட்டில் அழைக்கும் பெயர் பெரும்பாலும் கடைசியிலே நிற்கும்.

இவ்வேடுகளைத் துருவிக் குலமுறை அகராதியை ஏழு தொகுதிகளாக 1871 முதல் 1890 வரை வெளியிட்டவர் சிப்ரியேன் தாங்கே என்னும் குரு. தனியொருவர் உழைப்பு இது என்பது வியப்பே, பிழைகளும் உண்டு. அவற்றைத் திருத்தவல்ல பெரும்பணியை 1966இல் மொண்ட்ரியால் பல்கலைக்கழகம் தொடங்கியது.

ஏட்டில் எழுதியவனே பெயரை மறைத்தால்? அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரூவாக்கின் முன்னோர் 1732இல் காப் சேன் இஞ்ஞாஸ் என்னும் ஊரில் லூயிஸ் பெர்னியேயை மணந்தார். மணமகள் யாரென்பதில் ஐயமில்லை. மணமகனோ தன் குடும்பப் பெயரை மாற்றித் தந்திருந்தார். கெரூவாக் 1965இல் பாரிஸுக்கும் பிரெஸ்ட் நகருக்கும் சென்று தேடினார், கிட்டவில்லை. 1969இல் அவர் மறைந்தார். முன்னோரின் உண்மைக் குடும்பப் பெயர் லெ பிஆன் என்பதும், அவர் பிரித்தானி நாட்டு நோட்டரி ஒருவரின் மகன் என்பதும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தன.